டாக்டரிடம் போக முடியாதவர்கள்: ஐரோப்பா இதை எப்படி எண்ணுகிறது?

கடந்த 12 மாதத்தில் உங்களுக்கு மருத்துவப் பரிசோதனையோ சிகிச்சையோ உண்மையிலேயே தேவைப்பட்டதா? தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் அது கிடைத்ததா? கிடைக்காமல் போயிருந்தால், முக்கியமான காரணம் என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும், ஒன்றியத்தில் சேராத நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகளிலும் 16 வயதைத் தாண்டியவர்களிடம் ஆண்டுதோறும் இந்த மூன்று கேள்விகளையும் கேட்கிறார்கள். வருமானம், வீடு, வேலை, கடன் என்று நீளும் பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் இது சின்னப் பகுதிதான். அந்தக் கணக்கெடுப்பின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எல்லோரும் 'சில்க்' என்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் சில நாடுகளோடு ஆரம்பித்து, பிறகு ஒன்றியம் முழுக்கப் பரவியது. நாடுகள் அனுப்பும் விடைகளைத் தொகுத்து வெளியிடுவது யூரோஸ்டாட் என்ற ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம்.

இந்த விடைகளிலிருந்து பிறப்பதுதான் 'நிறைவேறாத மருத்துவத் தேவை' என்ற எண். ஐரோப்பியச் செய்திகளில் "கிரீஸில் இத்தனை சதவீதம் பேருக்கு மருத்துவம் கிட்டவில்லை", "ஃபின்லாந்து மோசமாகிறது" என்றெல்லாம் வருவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். 2017 நவம்பரில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஐரோப்பியத் தலைவர்கள் சமூக உரிமைகள் பற்றி ஓர் உறுதிமொழியை வெளியிட்டார்கள். அதன் 16ஆவது கோட்பாடு, கட்டுப்படியாகும் செலவில், தரமான மருத்துவம் உரிய நேரத்தில் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. நாடுகள் அந்த வாக்கைக் காப்பாற்றுகின்றனவா என்று பார்க்க எடுத்துக்கொண்ட அளவுகோல்களில் இதுவும் ஒன்று. ஒரு சின்னக் கேள்விக்கு இவ்வளவு கனம் ஏறியிருப்பதால், அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், இது நோயாளி சொல்வது. டாக்டர் சோதித்துப் பார்த்து "இவருக்கு இந்தச் சிகிச்சை தேவை, கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுப்பதில்லை. தனக்குத் தேவை இருந்தது என்று ஒருவர் நினைத்தால்தான் கணக்கில் வருவார். இரத்தக் கொதிப்பு இருப்பதே தெரியாமல் நடமாடுபவரிடம் கேட்டால், தேவையே இல்லை என்பார். அவர் இந்தக் கணக்கில் ஆரோக்கியமானவர்.

அடுத்து, காரணங்கள். பட்டியலில் எட்டு இருக்கின்றன: செலவு கட்டுப்படியாகவில்லை, காத்திருப்புப் பட்டியல் நீளம், போக்குவரத்து இல்லை அல்லது ரொம்ப தூரம், வேலையாலோ குழந்தைகளையும் வீட்டாரையும் பார்த்துக்கொள்வதாலோ நேரம் இல்லை, டாக்டர் ஊசி என்றாலே பயம், தானாகச் சரியாகிறதா பார்க்கலாம் என்று விட்டது, நல்ல டாக்டர் யாரென்று தெரியாதது, மற்றவை. தலைப்புச் செய்தியாக வரும் எண்ணில் முதல் மூன்று மட்டுமே சேரும். பணம், காத்திருப்பு, தூரம் ஆகியவை மருத்துவ அமைப்பின் குறை, மீதி அவரவர் பாடு என்பது அதன் நியாயம்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பயத்தையும் பொறுத்துப் பார்ப்பதையும் தள்ளிவைத்தது சரி. 'நேரம் இல்லை' என்பதையும் அந்தக் கூடையில் போட்டது சரியில்லை. மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஒருவர், பகலில் மட்டும் திறந்திருக்கும் கிளினிக்குக்குப் போக அரை நாள் சம்பளத்தை விட வேண்டும் என்றால் அதுவும் செலவுதானே? படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு மாற்று ஆள் இல்லை என்றால், அதை அவருடைய சொந்த விருப்பம் என்று எப்படிச் சொல்வது? யூரோஸ்டாட் இந்தக் காரணங்களையும் தனித்தனியாக வெளியிடத்தான் செய்கிறது. செய்தியில் வருவது மட்டும் மூன்று காரண எண்.

யாரால் வகுக்கிறார்கள்?

தொடக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். 100 பேர் வசிக்கும் ஒரு தெரு. ஓர் ஆண்டில் அவர்களில் 60 பேருக்கு மருத்துவம் தேவைப்பட்டது. 6 பேருக்குக் கிடைக்கவில்லை. தெருவில் 6 சதவீதம் பேருக்குக் கிட்டவில்லை என்றும் சொல்லலாம். தேவைப்பட்டவர்களில் 10 சதவீதம் பேருக்குக் கிட்டவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

நெடுங்காலமாக யூரோஸ்டாட் முதல் வகையைத்தான் முன்னால் வைத்தது. அண்மைக் காலமாக இரண்டாவது வகைக்கும் இடம் கொடுக்கிறது. 2024ஆம் ஆண்டுக்கு முதல் வகையில் ஒன்றியத்தின் சராசரி சுமார் 2.5 சதவீதம், இரண்டாம் வகையில் 3.6. கிரீஸுக்கு அதே ஆண்டில் ஒன்று 12 சதவீதத்தை ஒட்டி வருகிறது, மற்றொன்று 22ஐ ஒட்டி. பழைய செய்தி ஒன்றையும் புதிய செய்தி ஒன்றையும் பக்கத்தில் வைத்து "ஒரே ஆண்டில் இரட்டிப்பாகிவிட்டது" என்று யாராவது எழுதினால், முதலில் வகுத்த எண் எது என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய இடைவெளியும் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் உடல்நல நேர்காணல் கணக்கெடுப்பு ஒன்று தனியாக இருக்கிறது. 2014ஐ ஒட்டி எடுத்த சுற்றில், தேவை இருந்தவர்களில் ஏறத்தாழ 26 சதவீதம் பேர், அதாவது நான்கில் ஒருவர், மருத்துவம் கிடைக்கவில்லை அல்லது தாமதமானது என்றார்கள். அதே ஆண்டில் சில்க் காட்டியது 4 சதவீதத்துக்கும் கீழே. மக்கள் அதே மக்கள்தான். அந்த நேர்காணலில் காத்திருப்பு, தூரம், பணம் என்று ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாகக் கேட்டார்கள். தாமதத்தையும் சேர்த்தார்கள். பணப் பிரச்சினை என்று வரும்போது மருத்துவம், பல், மருந்து, மனநலம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். ஞாபகப்படுத்திக் கேட்டால் ஆட்களுக்கு ஞாபகம் வரும். மொத்தமாக ஒரே கேள்வி கேட்டால் "எல்லாம் கிடைச்சது" என்று தாண்டிப்போய்விடுவார்கள். ஆகவே 2.5 என்பதையோ 26 என்பதையோ உண்மையான அளவு என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒரே கேள்வியை ஒரே மாதிரி ஆண்டாண்டாகக் கேட்டுவந்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும். அந்த வேலைக்குத்தான் சில்க்.

ஏற்றமும் இறக்கமும்

சரி, ஏறுகிறதா இறங்குகிறதா?

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு ஒன்றியத்தின் சராசரி மெல்ல ஏறி, 2014ஐ ஒட்டி 3.6, 3.7 என்ற அளவைத் தொட்டது. அங்கிருந்து வேகமாக இறங்கி 2019இல் 1.7க்கு வந்தது. இறக்கத்தில் ஒரு பங்கு பொருளாதாரம் நிமிர்ந்ததால். இன்னொரு பங்கு, 2015 வாக்கில் சில நாடுகளில் கேள்வியின் வாசகம் மாறியதால். 2019க்குப் பிறகு திசை திரும்பிவிட்டது. 2021இல் 2, 2022இல் 2.2, 2023இல் 2.4 என்று படிப்படியாக ஏறுகிறது. பழைய உச்சத்தை எட்டவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை.

இந்த வரிசையில் கொரோனா எங்கே என்று தேடினால் ஆச்சரியம்தான். 2020இல் கோடு அசையவே இல்லை என்று சொல்லலாம். மருத்துவமனைகள் அறுவைசிகிச்சைகளைத் தள்ளிவைத்த ஆண்டு! காரணம் கேள்வியின் அமைப்பில் இருக்கிறது. ஆண்டின் முதல் பாதியில் பேட்டி கொடுத்தவருக்கு 'கடந்த 12 மாதம்' என்பதில் பெரும்பகுதி கொரோனாவுக்கு முந்தைய காலம். அதோடு, "கொரோனாவால் போகவில்லை" என்ற விடை மூன்று முதன்மைக் காரணங்களில் எதிலும் அடங்காமல் 'மற்றவை'க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டப்ளினில் இருக்கும் யூரோஃபவுண்ட் என்ற ஒன்றிய நிறுவனம் அதே காலத்தில் இணையம் வழியே நேராகக் கேட்டபோது, பெருந்தொற்றின் முதல் 12 மாதத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் தேவையான மருத்துவத்தை இழந்ததாகச் சொன்னார்கள். இணையக் கணக்கெடுப்பில் யார் வந்து பதில் சொல்கிறார்கள் என்பது வேறு சிக்கல். என்றாலும் இடைவெளி அந்தச் சிக்கலை மீறிப் பெரியது.

அன்று தள்ளிப்போட்டவையெல்லாம் பிறகு வரிசையில் வந்து நின்றன. 2021க்குப் பிந்தைய ஏற்றத்தில் காத்திருப்பின் பங்கு கூடியிருப்பதற்கு அது ஒரு காரணம். வயதானோர் பெருகுவதும் செவிலியர், டாக்டர் பற்றாக்குறையும் மற்றவை. நெருக்கடிக் காலத்து ஏற்றம் பெரும்பாலும் பணத்தால் வந்தது. இப்போதைய ஏற்றத்தில் வரிசை முந்துகிறது. ஒன்றியத்தை விட்டுப் போன பிரிட்டன் இன்று இந்தக் கணக்கில் இல்லை. அங்கேயும் கதை இதுதான். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் காத்திருப்புப் பட்டியல் 2023 இலையுதிர்காலத்தில் 77 லட்சத்தைத் தொட்டது.

கிரீஸும் எஸ்தோனியாவும்

ஐரோப்பிய வரைபடத்தில் இந்த எண்ணுக்கு நிறம் தீட்டினால் அழுத்தமான நிறத்தில் ஆண்டு தவறாமல் தெரியும் இரண்டு நாடுகள் இவை. 2023இல் எஸ்தோனியா ஏறத்தாழ 13 சதவீதம், கிரீஸ் 11க்கு மேல். அருகருகே இருக்கும் எண்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

கிரீஸில் பிரச்சினை பணம். 2008 வாக்கில் அங்கே எண் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. 2010இல் கடன் நெருக்கடி வெடித்து, வெளியிலிருந்து கடன் வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்தில், அரசின் மருத்துவச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதினார்கள். பல தனித்தனிக் காப்பீட்டு நிதிகளை 2011இல் இணைத்து ஒரே நிறுவனமாக்கினார்கள். அரசு மருத்துவமனையில் புறநோயாளி கட்டணம் 3 யூரோவிலிருந்து 5 யூரோவானது. 2014 தொடக்கத்தில் உள்நோயாளியாகச் சேர 25 யூரோ என்று ஒரு கட்டணம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டுவிட்டு சிகரெட் மீது வரி போட்டார்கள்.

ஆனால் அடி விழுந்தது கட்டணத்தால் மட்டுமில்லை. அங்கே மருத்துவக் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போய்ச் சில காலம் ஆனால் காப்பீடும் போய்விடும். 2013இல் வேலையில்லாதோர் 27 சதவீதத்தைத் தாண்டியபோது, காப்பீடு இழந்தவர்கள் குடும்பத்தாரோடு சேர்த்து 25 லட்சம் வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். மொத்த மக்கள்தொகையே 1 கோடியே 10 லட்சம் சொச்சம். ஏதென்ஸின் தென்புறத்தில் எலினிகோ என்ற இடத்தில் 2011 டிசம்பரில் தன்னார்வ டாக்டர்கள் ஒரு இலவச கிளினிக் திறந்தார்கள். வீடுகளில் மிஞ்சிக் கிடந்த மருந்துகளைச் சேகரித்து அங்கே கொடுத்தார்கள். நாடெங்கும் இப்படிப் பல முளைத்தன. காப்பீடு இல்லாதவர்களுக்கும் அரசு மருத்துவம் உண்டு என்று முறையாகச் சட்டம் வந்தது 2016இல். அதே ஆண்டில்தான் கிரீஸின் எண் 13 சதவீதத்தைத் தொட்டு உச்சத்துக்குப் போனது. 2019க்குள் 8க்கு இறங்கி, இப்போது மறுபடி 12ஐ நெருங்கியிருக்கிறது.

சட்டம் வந்தும் ஏன் இந்த நிலை? கிரீஸின் மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது. ஒன்றியத்தின் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடுதல். மருந்துக்கு, தனியார் டாக்டருக்கு, பரிசோதனைக்கு என்று போவது போக, அறுவைசிகிச்சை சீக்கிரம் நடக்க உறையில் போட்டுக் கொடுக்கும் பணம் ஒன்றும் உண்டு. ஃபகெலாகி என்று அதற்குப் பெயரே இருக்கிறது. 2024இல் அரசு மருத்துவமனைகளில் பிற்பகலில் கட்டணம் கட்டி அறுவைசிகிச்சை செய்துகொள்ள வழி திறந்தார்கள். வரிசை குறையும் என்றது அரசு. காசுள்ளவர்கள் முந்திப்போவதைச் சட்டமாக்கிவிட்டார்கள் என்றார்கள் எதிர்த்தவர்கள். இப்படி ஒரு அமைப்பில் பணக்காரருக்கும் ஏழைக்கும் இடைவெளி விரியத்தான் செய்யும். வருமானத்தை வைத்து மக்களை ஐந்து அடுக்காகப் பிரித்து அடித்தட்டையும் மேல்தட்டையும் ஒப்பிட்டால், ஐரோப்பாவில் மிக அகலமான இடைவெளிகளில் ஒன்று கிரீஸில்தான்.

எஸ்தோனியாவுக்கு வருவோம். 13 லட்சம் பேர் வாழும் பால்டிக் நாடு. அரசுப் பணிகள் பெரும்பாலும் இணையத்தில் முடிந்துவிடும் என்று பெயர் வாங்கியது. மருந்துச் சீட்டுகூட டிஜிட்டல்தான். ஒரே தேசியக் காப்பீட்டு நிதி ஏறத்தாழ 95 சதவீத மக்களைக் காக்கிறது. குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. செலவால் மருத்துவம் கிட்டவில்லை என்பவர்கள் அங்கே மிகச் சிலரே. அப்படியும் 2018இல் 16 சதவீதத்தைத் தாண்டி ஒன்றியத்திலேயே முதலிடத்தில் நின்றது. முழுக்க முழுக்க வரிசை. அதுவும் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதற்கான வரிசை.

அது எப்படி உருவாகிறது என்பது கவனிக்கத்தக்கது. நிதிக்கு வரும் பணம் பெரும்பாலும் ஊதியத்தின் மீதான வரியிலிருந்து. உழைக்கும் வயதினர் குறைந்து முதியோர் கூடக்கூட அந்த வரவு போதாது. நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 7 சதவீதம்தான் மருத்துவத்துக்குப் போகிறது. ஒன்றியத்தின் சராசரி 10 சதவீதத்தை ஒட்டி. நிதி ஒவ்வொரு மருத்துவமனையோடும் இத்தனை நோயாளி, இத்தனை சிகிச்சை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகிறது. அளவு தீர்ந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஃபின்லாந்து கூடுதல் சம்பளம் கொடுத்து டாக்டர்களை இழுத்துக்கொள்கிறது. 2017இல் ஓய்வூதியம் வாங்குவோர் சார்பாக அரசே நிதிக்குப் பணம் கட்டும் திட்டத்தைச் சட்டமாக்கினார்கள். நோயாளியை நேரில் அனுப்பாமல் குடும்ப மருத்துவரே சிறப்பு மருத்துவரிடம் இணையத்தில் ஆலோசனை கேட்கும் முறையையும் விரிவாக்கினார்கள். இடையில் எண் இறங்கியது. பிறகு திரும்ப ஏறிவிட்டது.

வரிசைக்கு ஒரு குணம் உண்டு: அது எல்லாரையும் நிறுத்திவைக்கும். எஸ்தோனியாவில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடைவெளி கிரீஸை ஒப்பிட மிகச் சின்னது. தனியாரிடம் பணம் கட்டிப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள்கூட "கிடைக்கவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே 13ஐயும் 11ஐயும் பக்கத்தில் வைத்து எது மோசம் என்று கேட்பதில் பொருளில்லை. கிரீஸில் கட்டணத்தைக் குறைத்தால் எண் இறங்கலாம். எஸ்தோனியாவில் அதனால் ஒன்றும் ஆகாது, குறைக்க அங்கே பெரிய கட்டணமே இல்லை. எண்ணைப் பார்ப்பதற்கு முன் காரணத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஃபின்லாந்து இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரம். வேலையில் இருப்பவர்களுக்கு முதலாளி செலவில் தனி மருத்துவச் சேவை உண்டு. இன்றைக்கு அழைத்தால் நாளைக்கே அப்பாயிண்ட்மென்ட் கிடைத்துவிடும். ஓய்வு பெற்றவரும் வேலையில்லாதவரும் அரசுச் சுகாதார மையத்தில் காத்திருப்பார்கள். நல்வாழ்வு அரசு என்று உலகமே சுட்டிக்காட்டும் நாட்டில் 2024இல், தேவைப்பட்டவர்களில் 12 சதவீதத்துக்கும் மேல் கிடைக்கவில்லை என்றார்கள். கிரீஸுக்கு அடுத்த இடம். 2023 ஜனவரியில் பொறுப்பை நகராட்சிகளிடமிருந்து எடுத்து 21 புதிய வட்டார அமைப்புகளிடம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், சுகாதார மையத்தில் 14 நாளுக்குள் பார்த்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. 2025 தொடக்கத்தில் புதிய அரசு செலவைக் காரணம் காட்டி, இளைஞர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதைப் பழையபடி 3 மாதமாக்கிவிட்டது.

சைப்ரஸ் எதிர்த்திசையில் போனது. 2013 வங்கி நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே 4 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2019 ஜூனில் எல்லோருக்குமான பொது மருத்துவத் திட்டம் வெளிநோயாளிகளுக்குத் தொடங்கி, ஓராண்டு கழித்து உள்நோயாளிகளுக்கும் விரிந்தது. அதன் பிறகு எண் கிட்டத்தட்ட பூஜ்யம். முன்பே இறங்கத் தொடங்கியிருந்ததால் முழுப் பெருமையும் திட்டத்துக்குச் சேராது, பெரும்பகுதி சேரும்.

பல்

மேலே சொன்ன சில்க் எண்கள் எதிலும் பல் இல்லை. பல்லைத் தனியாகக் கேட்கிறார்கள், அந்த எண் எப்போதும் கூடுதல். 2024இல் தேவைப்பட்டவர்களில் மருத்துவம் கிட்டாதவர் 3.6 சதவீதம் என்றால், பல் மருத்துவம் கிட்டாதவர் 6.3. காரணம் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் பணம்தான். ஐரோப்பாவின் பொது மருத்துவ அமைப்புகள் பலவும் பல்லை உடம்பின் உறுப்பாகவே கருதுவதில்லையோ என்று தோன்றும். ஸ்பெயினில் இதய அறுவைசிகிச்சை இலவசம். பெரியவர்களுக்குப் பல் அடைப்பது கைக்காசில். பிடுங்குவது வேண்டுமானால் இலவசம். மருத்துவ எண் மிகக் குறைவாக இருக்கும் அந்நாட்டில் பல் எண் பல மடங்கு. போர்ச்சுகலிலும் பல் மருத்துவம் பெரும்பாலும் தனியார் கையில். 2008இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் குழந்தைகள், கர்ப்பிணிகள் போன்ற சில பிரிவினருக்கு அரசு 'பல் செக்' என்ற, பல் டாக்டரிடம் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் சீட்டைத் தருகிறது. பிரான்ஸ் 2019 முதல் 2021 வரை படிப்படியாக ஒரு சீர்திருத்தம் செய்தது. பல் உறை, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றில் குறிப்பிட்ட வகைகளைக் காப்பீடும் துணைக் காப்பீடும் சேர்ந்து முழுச் செலவையும் ஏற்றுக் கொடுக்கின்றன.

குறைந்த எண் என்றால் நல்லதா?

பல்கேரியாவைப் பாருங்கள். 2010இல் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2019இல் 1.5க்கும் கீழே. அட்டவணையில் அழகான இறக்கம். ஆனால் அதே நாட்டில் மருத்துவச் செலவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்கள் கையிலிருந்து போகிறது. காப்பீடு இல்லாதவர்கள் கணிசம். ஒன்றியத்திலேயே ஆயுட்காலம் மிகக் குறைவான நாடுகளில் அது முன்வரிசையில் இருக்கிறது. 2021இல் 71 சொச்சத்துக்கு இறங்கிக் கடைசி இடத்துக்கே போனது. அங்கே மருத்துவம் எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது என்று இந்த 1.5ஐ வைத்து நம்ப எனக்கு மனம் வரவில்லை. வருமானம் உயர்ந்தது உண்மை, அதனால் எண் இறங்கியதும் உண்மை. எதிர்பார்ப்பே தாழ்ந்திருக்கும் இடத்தில் "எனக்குத் தேவை இருந்தது" என்று சொல்பவர்களும் குறைவாக இருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். எஸ்தோனியரும் ஃபின்லாந்துக்காரரும் ஒரு மாதக் காத்திருப்பையே குறையாகச் சொல்லலாம். வேறொரு நாட்டில் அது வழக்கமாக இருக்கலாம்.

காத்திருப்பில் இன்னொரு சிக்கல். எட்டு மாதம் கழித்துக் கண் அறுவைசிகிச்சை நடந்தது. அவருக்குத் தேவை நிறைவேறியதா இல்லையா? இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருப்பவர் "கிடைக்கவில்லை" என்பாரா, "தேதி கொடுத்திருக்கிறார்கள்" என்பாரா? கேள்வி அதைத் தீர்த்துச் சொல்வதில்லை. வாசகமும் எல்லா மொழியிலும் ஒரே பொருளில் விழுவதில்லை. சில நாடுகளில் டாக்டர் ஆலோசனையை மட்டும் கேட்டு, சிகிச்சை என்பதை விட்டுவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தில் இது வேறு வடிவம் எடுக்கிறது. எல்லோருக்கும் காப்பீடு கட்டாயம். ஆனால் ஆண்டுக்கு முதல் 300 பிராங்கிலிருந்து 2,500 பிராங்க் வரை, அவரவர் தேர்ந்தெடுத்த தொகையைத் தாமே கட்டிய பிறகுதான் காப்பீடு கைகொடுக்கும். மாதக் கட்டணம் குறையும் என்பதற்காக 2,500ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. அங்கே குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு ஒவ்வொரு நவம்பரிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது பழகிய வேலை. உடம்பு திடமாக இருந்தால் லாபம். இடையில் நோய் வந்தால், அந்தத் தொகையை நினைத்து டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடத் தோன்றும். அப்படித் தள்ளிப்போட்டவர் பேட்டியில் என்ன காரணம் சொல்வார்? செலவு என்பாரா, பொறுத்துப் பார்த்தேன் என்பாரா?

யார் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஒன்றியம் முழுக்க எடுத்தால் அடித்தட்டு வருமானக்காரர்களிடம் எண் மேல்தட்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆண்களைவிடப் பெண்கள் கொஞ்சம் கூடுதல். நாட்பட்ட நோய் உள்ளவர்களும் தம் உடல்நிலை மோசம் என்பவர்களும் மிகக் கூடுதல். அடிக்கடி போக வேண்டியவர்களுக்குத்தான் அடிக்கடி தடையும்.

கேள்வியே கேட்கப்படாதவர்களும் இருக்கிறார்கள். சில்க் வீடுகளில் குடியிருப்பவர்களிடம் மட்டும் எடுப்பது. முதியோர் இல்லத்தில் இருப்பவர், சிறையில் இருப்பவர், தெருவில் படுப்பவர் அதில் வரமாட்டார்கள். ஆவணம் இல்லாமல் குடியேறியவர் கதவைத் தட்டும் அரசு ஊழியருக்குத் திறப்பது அபூர்வம். ஸ்பெயினில் 2012 ஏப்ரலில் ஓர் ஆணை வந்தது. ஆவணமற்ற குடியேறிகளுக்கு அவசர சிகிச்சை, பிரசவம், குழந்தைகள் தவிர மற்ற மருத்துவம் கிடையாது என்றார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ அட்டைகள் ரத்தானதாக அரசே கணக்குச் சொன்னது. சில மாநிலங்கள் ஆணையை மீறித் தம் செலவில் பார்த்தன. அடுத்து வந்த அரசு 2018 ஜூலையில் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுகளிலும் ஸ்பெயினின் நிறைவேறாத மருத்துவத் தேவை 1 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது.